வீட்டுக்கு ஒரு வாக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளாட்சி மன்றங்களில் யார் யார் உட்காருகிறார்கள், யார் யார் இன்னும் உட்காரவில்லை என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன் என்பதால் அழைத்திருப்பீர்கள். ஆனால் இந்தப் பேச்சை ஓர் ஒன்றிய அலுவலகத்திலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊர் த்வாண்டே.

யாங்கோனில் படகேறி ஆற்றைக் கடந்தால் டல்லா. அங்கிருந்து மேற்கே வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் த்வாண்டே வந்துவிடும். யாங்கோன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்க ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய 35 கிலோமீட்டர் கால்வாய் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். சூளைப் புகையும் நெல் ஆலைத் தவிட்டு வாசனையும்தான் என் பிள்ளைப் பருவம். 1965-ல், எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, அகதிக் கப்பலில் சென்னைக்கு வந்தோம். பெரியம்மா குடும்பம் வரவில்லை. அவருடைய மூத்த மகள், நான் அக்கா என்று அழைப்பவர், இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

2014 ஜனவரியில் அவரைப் பார்க்கப் போனேன். வெளிநாட்டவன் என்பதால் அவர் வீட்டில் இரவு தங்க முடியாது. காலையில் படகேறி மாலையில் திரும்புவேன். மூன்று அடுப்பு எரிகிற வீடு அது. பதினொரு பேர் இருந்தார்கள். அக்காவின் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சின்ன மளிகைக் கடை வைத்து அந்த வீட்டையே அக்காதான் தாங்கினார். ஏப்ரல் மாதம் ஊர்க் குளங்கள் வற்றும்போது எந்தக் குளத்தில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கும் என்று தெருவே அவரைத்தான் கேட்கும். 2008-ல் நர்கிஸ் புயல் கழிமுகத்துக் குளங்களையெல்லாம் உப்பாக்கிவிட்டுப் போனபோது தெருவுக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

சிறிது காலம் முன்புதான் அங்கே வார்டு நிர்வாகித் தேர்தல் நடந்திருந்தது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டேன். "நான் எங்க போட்டேன்? வீட்டுக்கு ஒரு ஓட்டுதான் தம்பி. அதப் பெரியவரு போட்டுட்டாரு" என்றார். பெரியவர் என்றது அவருடைய கணவரின் அண்ணனை. குடும்ப அட்டையில் முதல் பெயர் அவருடையது.

அன்று மாலைப் படகில் திரும்பும்போது அந்தச் சொல் என்னை விடவில்லை. யார் மன்றத்தில் உட்காரப்போகிறார்கள் என்பது வாக்குச்சாவடிக்கு வெகு முன்பே, விதி எழுதும் மேசையில் பாதி முடிவாகிவிடுகிறது. ஒரு வாக்கு என்பது ஓர் ஆளா, ஒரு வீடா? யார் நிற்கலாம்? ஜெயித்தவர் கையெழுத்துப் போட்டால் அது செல்லுமா, பக்கத்தில் இன்னொருவரும் போட வேண்டுமா? இந்தச் சின்ன விதிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெண்களும் தலித்துகளும் சிறுபான்மையினரும் உள்ளே வர மக்கள் மனம் மாற வேண்டும் என்று சொல்லிக் காலம் கடத்துவதை நான் ஏற்கவில்லை. விதி மாறிய பிறகு மனம் மெல்ல மாறுவதை என் பணிக்காலத்தில் கண்ணாலே பார்த்திருக்கிறேன்.

த்வாண்டேயின் விதி எப்படி வந்தது என்று பாருங்கள். ஆங்கிலேயர் 1907-ல் கிராமச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஊர்த் தலைவரை, அங்கே 'தூஜி' என்பார்கள், மாவட்ட அதிகாரி நியமிப்பார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2012 பிப்ரவரியில், வார்டு மற்றும் கிராமத் தொகுதி நிர்வாகச் சட்டம் அதை நீக்கியது. இனி நியமனம் இல்லை, தேர்தல் என்றார்கள். நல்லதுதான். ஆனால் தேர்தல் இப்படி நடந்தது: பத்துப் பத்து வீடுகளாகப் பிரித்து, வீட்டுக்கு ஒருவர் சேர்ந்து ஒரு பத்துவீட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பத்துவீட்டுத் தலைவர்கள் கூடி, மறைவு வாக்கில் நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பார்கள். மேற்பார்வைக்கு ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர்.

இந்த வழியில் ஒரு பெண் மேலே வரவேண்டுமானால் எத்தனை வாசல் தாண்ட வேண்டும்! முதலில் அவள் வீட்டின் பெயரால் போகும் ஆளாக இருக்க வேண்டும். பிறகு ஒன்பது வீட்டு ஆண்கள் அவளைத் தலைவி என ஒப்ப வேண்டும். அதற்கும் மேலே, ஆண்களே நிறைந்த பத்துவீட்டுத் தலைவர்கள் அவளுக்கு வாக்களிக்க வேண்டும். விளைவு கணக்கிலேயே தெரிந்தது. நாடு முழுக்க 16,000-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளில் பெண்கள் நூறு பேர்கூட இல்லை. 2016-ல் மறுபடி தேர்தல் நடந்தபோதும் இல்லை. பெண் நிற்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்குமே எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. பர்மாவில் பெண்கள் 1922-லேயே சட்டசபைத் தேர்தலில் ஆண்களுக்கு இணையாக வாக்குரிமை பெற்றவர்கள். தொண்ணூறு ஆண்டு கழித்து வந்த சட்டம் அந்த உரிமையைத் தெருமுனைத் தேர்தலில் வீட்டுத் தலைவர் கையில் திருப்பிக் கொடுத்தது.

இனி, நம்மவர் கதை. பர்மாவில் தமிழருக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்த காலமும் உண்டு. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது அமைந்த கீழவையில் 132 இடங்கள். இந்தியருக்கென 8. வணிகத்துக்கு ஒதுக்கிய 11-ல் ஒன்று நாட்டுக்கோட்டை செட்டியார் சங்கத்துக்கு. தொழிலாளருக்கென 4, அதில் இரண்டு இந்தியத் தொழிலாளருக்கு. அது உள்ளாட்சி அல்ல, சட்டமன்றம்தான். ஆனாலும் நம் பொருளுக்கு அதில் பாடம் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் கழிமுகத்தில் என்ன நடந்தது? உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் வட்டிக்கடைகளுக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-ல், 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் 25 சதவீதமானது. செட்டியார்கள் அந்த நிலத்தைத் தேடிப் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம்தான், வயல் அல்ல என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். வயலைப் பறிகொடுத்தவனுக்கு அந்த விளக்கம் எப்படி ஆறுதலாகும்? அதே வயல்களில் அறுவடைக்குப் போன கூலித் தமிழர்களும் இருந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். செட்டியார் சங்கத்துக்கு அவையில் ஒரு குரல் இருந்தது. துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு இடம் கிடைத்தது. வயலில் நின்ற தமிழனுக்கும், அவனோடு வயலில் நின்ற பர்மியனுக்கும் சேர்ந்து பேச ஓர் இடமும் இல்லை. இனத்தைக் கொண்டு இடம் பிரித்ததில் இந்தியர் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் போனார்கள். கலவரம் வந்தபோது அந்தப் பெட்டி முழுவதின்மீதும் அடி விழுந்தது. 1942-ல் நடந்தே பர்மாவை விட்டு வெளியேறியவர்களில் நிலம் வைத்திருந்தவரைவிடக் கூலிகள்தான் அதிகம்.

ஆகவே பன்மை என்றதும் இனத்துக்கு ஒரு நாற்காலி என்று முடித்துவிடாதீர்கள். தமிழர் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் தமிழச்சி வந்ததாகுமா? கூலிக்காரர் வந்ததாகுமா? இந்தக் கேள்விக்கு இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 243ஈ பிரிவு நல்ல பதில் வைத்திருக்கிறது: பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய இடங்களுக்குள்ளும் மூன்றில் ஒரு பங்காவது அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு. ஒதுக்கீட்டுக்குள் ஒதுக்கீடு. இதை எழுதியவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

சுதந்திர பர்மாவில் அந்த இடங்கள் போயின. 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று படிகளாக்கியது: இளஞ்சிவப்பு அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை. அக்காவிடம் இருப்பது பச்சை. நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களிக்கலாம், நிற்க முடியாது. பிறக்கும்போதே தாய் தந்தை இருவரும் முழுக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும் என்கிறது 2008 அரசமைப்புச் சட்டம்.

யாங்கோன் மாநகரில் ஒரு மாற்றம் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 2014 டிசம்பர் 27-ல் மாநகர வளர்ச்சிக் குழுவுக்குத் தேர்தல் வைத்தார்கள். அதிலும் வீட்டுக்கு ஒரு வாக்கு. பலர் எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள். 2019 மார்ச் 31-ல் நடந்த அடுத்த தேர்தலில் 18 வயது ஆனவர் எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது. வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மிகக் குறைவு என்பது உண்மை; ஐந்தாண்டுக்குள் விதி திருந்தியது என்பதும் உண்மை. த்வாண்டே அந்த மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. டல்லாக்காரருக்குக் கிடைத்த வாக்கு, அடுத்த ஊரில் இருக்கும் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இங்கே ஆளுக்கு ஒரு வாக்கு. ஒதுக்கீடும் உண்டு. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. 1994-ல் நம் ஊராட்சிகள் சட்டம். 1996 அக்டோபரில் முதல் தேர்தல். அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில் இருந்தேன். வேட்புமனு வாங்கும் நாட்களில் அலுவலக வாசலில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றதை என்னால் மறக்க முடியாது. கணவன் பின்னால், கொழுந்தன் பக்கத்தில், கையில் சொத்துவரி ரசீது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதற்கு முன் எந்த அரசு அலுவலகத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை.

அதே தேர்தலின் மறுபக்கம் ரத்தம். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, வாக்குப் பெட்டி பறிபோனது. எல்லாவற்றையும் மீறித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்ப் பேருந்தில் திரும்பும் வழியில், 1997 ஜூன் 30 அன்று, அவரையும் அவருடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 23-ல், மதுரை வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினர் லீலாவதி கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், தன் வார்டு மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடியது. தண்ணீர் வியாபாரம் செய்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் கொலை நடக்கவில்லை, தேர்தலே நடக்கவில்லை. பத்து ஆண்டுகள். மனுப் போட ஆள் வரவிடமாட்டார்கள்; ஒருவர் ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. அரசு மறுபடி மறுபடி தேதி குறித்தது. அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லையே, பொதுத் தொகுதியாக்கிவிடலாம் என்று யாராவது ஒருவர் கோப்பில் எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் அமைதியாக நடந்தது. தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

ஜெயித்த பிறகு வரும் சிக்கலை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். ஊராட்சிக் கணக்கில் காசோலை போடத் தலைவரும் துணைத் தலைவரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டியலினப் பெண் ஒருவர் தலைவரான ஊரில், பெரும்பான்மைச் சாதிக்காரர் துணைத் தலைவராகிவிடுவது வழக்கம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் போதும். மோட்டார் ரிப்பேருக்குப் பணம் போகாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் வராது. மூன்றாம் மாதம் ஊரே தலைவியைத் திட்டும்.

அப்படி ஒரு தலைவி என் அலுவலகத்துக்கு வந்தார். ஊர் பேர் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. மறுபடி சொன்னேன். "அங்க கூட்டத்துல தரையிலதான் சார் இருக்கேன். இங்க இருந்தா அந்தச் சேதி ஊருக்குப் போயிரும்" என்றார். எழுந்து நின்றே அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். துணைத் தலைவரை வரவழைத்துப் பேசிக் கையெழுத்து வாங்கினோம். அன்றைக்கு ஒரு காசோலைக்கு. அடுத்த காசோலைக்கு மறுபடி முதலிலிருந்து. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அது போதாது என்பது அன்றே எனக்குத் தெரியும். 2020-லும் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலைவி தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. 2022 ஆகஸ்டில் கூட, பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கணவர்தான் எல்லாம் செய்கிறார், பெண் பொம்மைதானே என்பார்கள். முதல் ஆண்டில் பல ஊர்களில் அது உண்மை. இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் குறையும். மூன்றாம் ஆண்டில் அந்தப் பெண் தனியாகப் பேருந்தேறி ஒன்றிய அலுவலகம் வருவார், பொறியாளரிடம் மதிப்பீட்டு நகல் கேட்பார். அதற்குள் பதவிக்காலம் முடிந்து, சுழற்சியில் இடம் மாறிவிட்டால், அவர் கற்றதெல்லாம் அடுப்படிக்குத் திரும்பும். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் நடத்தி 2004-ல் வெளிவந்த ஆய்வொன்றில், ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும், பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதல் வேலை நடந்ததைக் காட்டினார்கள். குடம் சுமப்பவர் கையில் கையெழுத்து வந்தால் எதற்குப் பணம் போகும் என்று நமக்கு ஆய்வு வைத்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சந்தேகப்படுவோருக்குக் காட்ட அது உதவுகிறது.

2016-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது. திருநங்கையர் வந்தார்கள்: 2019 தேர்தலில் திருச்செங்கோடு ஒன்றியத்தில் ரியா, 2022-ல் வேலூர் மாநகராட்சியில் கங்கா நாயக். அதே 2022 மார்ச் 4-ல், சென்னையின் முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா பொறுப்பேற்றார். 2025 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நியமனத்தைவிடத் தேர்தலில் ஒதுக்கீடு தருவதே மேல் என்பது என் கருத்து. மக்களிடம் வாக்குக் கேட்டுப் போனவருக்கு மன்றத்தில் முதுகு நிமிரும். இருந்தாலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லாத ஊராட்சிக் கட்டடங்கள் இந்தச் சட்டத்தால் திருந்துமானால் அதுவே பெரிது.

இலங்கை மலையகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. தோட்டத் தமிழர் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களும் ஆனார்கள். ஆனால் 1987-ன் பிரதேச சபைச் சட்டம் 33-வது பிரிவில், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முடியாதபடி ஒரு வரி இருந்தது. தம் வாக்கில் வந்த உறுப்பினர், தம் லயத்துக்கு ஒரு குழாய் போட முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்த வரி 2018-ல்தான் திருந்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டோடு நடந்த தேர்தலில், இரண்டு சதவீதத்தைத் தொடாதிருந்த பெண் உறுப்பினர் பங்கு இருபதைத் தாண்டியது. ஒரே தேர்தலில்.

ஆகவே என் கோரிக்கைகள் விதிகளைப் பற்றியவை. இங்கே, துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வரவேண்டும். அல்லது இரட்டைக் கையெழுத்தில் காரணம் எழுதாமல் கையெழுத்தை நிறுத்தி வைப்பவருக்கு நாள் கணக்கில் கெடு வேண்டும். ஒதுக்கீட்டில் வந்தவர் குறைந்தது இரண்டு முறை அதே இடத்தில் நிற்க வழி வேண்டும். த்வாண்டேயில் என்றாவது மறுபடி சட்டம் எழுத உட்காரும்போது 'வீடு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'ஆள்' என்று எழுத வேண்டும். அட்டையின் நிறம் பார்க்காமல் அந்தத் தெருவில் வாழ்பவர் அந்தத் தெருவுக்கு நிற்கலாம் என்று எழுத வேண்டும். இப்போது அங்கே அந்தக் குறைத் தேர்தலும் இல்லை. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நிர்வாகிகளை மேலிருந்தே நியமிக்கிறார்கள். பலர் பயந்து பதவி விலகினார்கள்; நியமிக்கப்பட்டவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

போன மாதம் அக்கா தொலைபேசியில் பேசினார். குளம் வற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னார். பிறகு, நீங்கள் தண்ணீருக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்றார். எங்கள் ஊராட்சித் தலைவி நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இரவு எட்டு மணிக்குக்கூட வாசலில் நின்று கூப்பிடுவோம் என்றேன். சொல்லிவிட்டுத்தான் திருத்தினேன். தமிழ்நாட்டில் 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. நான் குடியிருக்கும் மாவட்டம் அந்த 27-ல் ஒன்று. புதிய தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள். 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் இருந்தது.

"அப்ப அங்கயும் மேலேருந்து போட்ட ஆளுதானா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இங்கே நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தேர்தல் வரும் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார். அதற்கு என்னிடம் தேதி இல்லை.